ஈரச்சாக்கு

சேசிஸில் கீறல் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவனிடம்
நான் முதலில் கேட்பது
எந்தப் பக்கமாய் வயர் ஓடுகிறது என்று.
நனைத்த சாக்கை நடுவே செருகாமல்
ராடை வைக்க மாட்டேன்.
வைத்த இடத்தோடு நிற்கிற சாமான் இல்லை சூடு,
பக்கத்து வீட்டையும் எட்டிப் பார்த்துவிட்டு வரும்.
பேட்டையில் பதினாறு வருஷப் பட்டறை.
தீயைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்
என்றிருந்தேன்.

உலகம்மைக்கு வலி மாசாமாசம் வந்தது.
சின்னவள் ஆவுடைக்காக வயிற்றைக் கீறிய கோட்டின்
இடது கோடியில்,
நெல்லிக்காய்ப் பருமனில் ஒரு கட்டி.
கரண்டு பில்லாவது முன்னே பின்னே வரும்.
அந்த நாலு நாளும் கொசுவத்தைத் தள்ளிச் செருகுவாள்,
குடத்தை வலது இடுப்புக்கு மாற்றிக்கொள்வாள்.
"பொம்பளையளுக்கு உள்ளதுதான" என்றேன்.
ஒரு தடவை இல்லை.

ஹைகிரவுண்டு ரோட்டு ஆஸ்பத்திரியில்
டாக்டர் ஞானசெல்வி கேட்டார்,
"எத்தனை வருஷமா இருக்கு?"
என்னைப் பார்க்காமல் "மூணு" என்றாள்.
எனக்குத் தெரிந்து ஒன்றரை.

ஸ்கேன் எடுத்தார்கள். ஊசியில் கொஞ்சம் சதை எடுத்தார்கள்.
"கேன்சர் இல்ல, பயப்படாதீங்க.
கர்ப்பப்பையோட உள்தோல்
ஆபரேஷன் அன்னைக்கு தையல்ல ஒட்டி
அங்கனயே வளந்துட்டு.
மாசம் பொறந்தா அதுவும் உதிரம் விடும்.
வெளிய போக வழி கிடையாது.
அதான் வலி."
அறுத்தெடுத்தால் வயிற்றுச் சுவரில் பள்ளம் விழலாம்,
வலை வைத்துத் தைக்க வேண்டி வரலாம்.
இல்லையென்றால் ஒரு ஊசி,
அதன் நுனியில் சூடு,
இருந்த இடத்திலேயே வேகவைத்துவிடலாம்.

எத்தனை டிகிரி என்றேன்.
எவ்வளவு நேரம். பக்கத்தில் என்ன இருக்கு.
டாக்டரின் பேனா நின்றது.
"நீங்க என்ன வேலை பாக்குதீங்க?"

என் பில் புக்கின் பின்னட்டையில் வரைந்து காட்டினார்:
தோல், கொழுப்பு, தசை, அதற்குள் கட்டி,
அடியில் குடல்.
ஒரு விரல்கடை தூரம்கூட இல்லை.
இரண்டுக்கும் இடையே பிறைபோல் ஒரு கோடிழுத்து
உள்ளே மையால் தீற்றினார்.
"முதல்ல இங்க தண்ணி ஏத்துவேன்.
குடல் தள்ளி நிக்கும்.
சூடு தண்ணியோட நின்னுரும்."
"ஈரச்சாக்கு" என்றேன்.
"அதேதான்" என்று அவர் சிரித்தார், நானும் சிரித்தேன்.
உலகம்மை சேலை முந்தியில்
ஒரு நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

தென்காசிச் சாரல் காற்று
பாளையங்கோட்டை வரை வந்திருந்த வியாழக்கிழமை.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஸ்டூல் போட்டார்கள்.
திரையில் சாம்பல் நிறமாய் அவள் வயிறு,
அதில் வெள்ளைக் கீற்றாய் ஊசி.
தண்ணீர் கறுப்பாய்ப் பரவிக் குடலைத் தள்ளியது.
பிறகு ஊசி நுனியில் நுரை கட்டிற்று,
மெல்ல, மெல்ல, கட்டி முழுக்க வெளுத்தது.
பொறி இல்லை. சத்தம் இல்லை.
பட்டறையில் எனக்குக் கறுப்புக் கண்ணாடி உண்டு,
முகத்தை மூடிக்கொள்ளலாம்.
இங்கே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.
நாலு நிமிஷம்.
ஊசியைத் திருப்பி, இன்னும் மூன்று.

மறுநாள் பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார்கள்.
வெந்ததை உடம்பே கொஞ்சங்கொஞ்சமாய்த் தின்று தீர்க்கும்,
ஆறு மாசம் ஆகலாம்.
ஆட்டோக்காரனிடம் ஒவ்வொரு வேகத்தடைக்கும்
"மெதுவா, மெதுவா" என்றேன்.
"நீங்க சும்மா வாங்க" என்றாள்.

அடுத்த மாசம் அந்தத் தேதி வந்தது.
கேட்கலாமா என்று காலையிலிருந்து நினைத்து
மத்தியானம் கேட்டேன்.
"லேசா சுருக்குங்குது. அவ்வளவுதான்."
குடம் இடது இடுப்பில் இருந்தது.

பட்டறை வாசலில் நின்றாள்.
ஒரு புல்லட்டுக்காகச் சாக்கை நனைத்துக்கொண்டிருந்தேன்.
"வண்டிக்குன்னா
எங்க வயர் ஓடுதுன்னு கேட்டுட்டுத்தான் வைக்கிய"
என்றாள்.
கோபமாகச் சொன்ன மாதிரியும் இல்லை.

குடத்துத் தண்ணீர் தளும்பத் தளும்பப் போனாள்.
புல்லட்டுக்காரன் இரண்டு தடவை கூப்பிட்டான்.
சாக்கு என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.